வாத்தியார் இல்லாமல் வரைய வருகிறவர்களுக்கு

என்னிடம் படம் காட்ட வருகிற பிள்ளைகள் முதலில் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "தாத்தா, நான் யாருகிட்டயும் கத்துக்கலை. சொந்தமா வரையுறேன்." சிலர் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். சிலர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். கூச்சமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம் என்பது என் கட்சி. தீப்பெட்டி லேபிளும் காலண்டர் படமும் வரைந்தே பிழைத்தவன் நான். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தூரிகை பிடித்தவர்களில் பெரும்பாலோர் கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். அவர்கள் வரைந்த லட்சுமியும் முருகனும் ஏறாத சுவர் தமிழ்நாட்டில் குறைவு. வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது தேடிப் படிக்க வசதியாக. எது பெரிது எது சிறிது என்பதற்காக இல்லை.

1. யாரிடமும் கற்கவில்லை என்ற பேச்சை விடு

அப்படி ஒரு ஓவியரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரவிவர்மாவை எடுத்துக்கொள். 1848இல் கிளிமானூரில் பிறந்தவர், பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவராக அங்கே இருந்தவர் ராமசாமி நாயக்கர், நம் மதுரைப் பக்கத்து ஆள். பையனுக்குச் சொல்லித்தர அவர் மனம் வைக்கவில்லை என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் வந்து ரகசியமாகக் காட்டிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள விட்டார், அவ்வளவுதான். உலகம் ரவிவர்மாவைத் தானாகக் கற்றவர் என்கிறது. எனக்குத் தெரிந்து அவருக்கு மூன்று வாத்தியார்கள். மூன்று பேரையும் அவராகத் தேடிப் பிடித்தார்.

உனக்கு நான் சொல்ல வருகிற சங்கதி இதுதான், மற்றதெல்லாம் இதற்கு வால். கல்லூரிக்குப் போகிறவனுக்கு வாத்தியாரை அரசாங்கம் நியமிக்கிறது. நீ உன் வாத்தியாரை நீயே நியமித்துக்கொள்ள வேண்டும். அதில் சோம்பல் பட்டால் இருபது வருஷம் கழித்தும் உன் மூக்கு கோணலாகத்தான் வரும், கோணல் என்று சொல்ல ஆளும் இருக்காது. நோட்டின் முதல் பக்கத்தில் உன் வாத்தியார்களின் பெயரை எழுது. சுவர் விளம்பரம் எழுதுகிறவர், பிளெக்ஸ் கடைப் பையன், அம்மன் கோயிலில் சுதைக்கு வண்ணம் அடிக்கிறவர், யாராக இருந்தாலும் சரி.

2. கொண்டையராஜு கதையைச் சரியாகத் தெரிந்துகொள்

காலண்டர் படம் என்று வாயைத் திறந்தால் இவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். பாதிப்பேர் இவரையும் பள்ளிக்கூடம் போகாத மேதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சி. கொண்டையராஜு 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்கிறோமே, அதுதான் அந்தப் பள்ளி. ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற நாற்காலியைத் தேடி அவர் போகவில்லை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதப் போனார். கம்பெனியோடு அலைந்தவர் 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976இல் காலமாகும்வரை அதுவே அவர் ஊர்.

கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. போட்டோவும் உண்டு, படமும் உண்டு. அவரைச் சுற்றிச் சேர்ந்த டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், ஜி. செண்பகராமன் போன்றவர்கள்தான் உன் கதைக்கு வேண்டியவர்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. கூட இருந்து செய்து கற்றவர்கள். ஒரு படத்தில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்து அச்சாகியிருப்பதை இன்றும் பழைய காலண்டர்களில் பார்க்கலாம். எத்தனை வாத்தியார்கள் சீடனின் பெயரைத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் போடச் சம்மதிப்பார்கள்? கனடாவிலிருந்து வந்த ஸ்டீஃபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கோவில்பட்டிக் கூட்டத்தைப் பற்றி எழுதியபிறகுதான் நம் ஆட்களே நிமிர்ந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

படுதா எழுதியதால் அவருக்குக் கிடைத்தது என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அரண்மனை அரண்மனையாகத் தெரிய வேண்டும். மங்கிய வெளிச்சத்திலும் நிறம் நிற்க வேண்டும். உருவம் நேராக, முகம் நம்மைப் பார்த்தபடி, பின்னால் மலையும் நீரும் வானமும் அடுக்கடுக்காக. அவருடைய தெய்வப் படங்களை எடுத்துப் பார், அத்தனையும் இருக்கும். கூடத்தின் ஒரு மூலையில் ஆணியில் தொங்குகிற காலண்டர், அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரிய வேண்டுமே! ஓவியப் பள்ளி அவருக்கு உடற்கூறு கற்றுக்கொடுத்திருக்கும். தூரத்தைக் கற்றுக்கொடுத்தது நாடகக் கொட்டகை என்பது என் அபிப்பிராயம்.

3. காப்பி அடி, ஆனால் மூன்று தடவை அடி

காப்பி அடிப்பது கேவலம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. முதல் தடவை கட்டம் போட்டு அப்படியே எடு. கை பழகும். இரண்டாம் தடவை கோடே போடாமல் இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் கரியால் தேய்த்து எடு. கண் பழகும். மூன்றாம் தடவை மூலப்படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து வரை. எங்கெங்கே கை தடுமாறி நின்றதோ அதெல்லாம் நீ பார்க்காமலே பார்த்த இடங்கள். பிறகு படத்தைத் திருப்பி அந்த இடங்களை மட்டும் பார்.

போனில் பார்த்துக் காப்பி எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. திரையில் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. உன் காகிதத்தில் அது வராது. திரையிலுள்ள மஞ்சளைப் பிடிக்க முயன்று வண்ணத்தைக் குழப்பிச் சேறாக்காதே. அச்சடித்த படத்தை வைத்துக்கொள். நம் ஊரில் அச்சடித்த படத்துக்கா பஞ்சம்?

4. கழுகுமலைக்குப் போ

கோவில்பட்டியிலிருந்து பஸ் இருக்கிறது. மலையில் வெட்டுவான் கோயிலைப் பார். பாண்டியர் காலத்து வேலை, எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்து எடுத்த கோயில். மேலே விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பாகம் முடியாமல் நின்றுவிட்டது. முடிந்த கோயில் எப்படிச் செய்தார்கள் என்பதை மறைத்துவிடும். முடியாத கோயில் மறைக்காது. உளி எங்கே பெரிதாக வெட்டியது, எங்கே சிறிதாகக் கொத்தியது, எந்த உருவம் பாதியில் விடப்பட்டது என்று கண்ணால் படிக்கலாம். அங்கே உட்கார்ந்து பென்சிலால் வரை. மேலிருந்து தொடங்கினால் கீழே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கணக்கு அந்தக் கல் தச்சர்களின் தலைக்குள் இருந்திருக்கிறது. காகிதத்தில் தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் தவிக்கிறாயே, உனக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பக்கத்திலேயே சமண உருவங்கள் வரிசையாகப் பாறையில் இருக்கின்றன. வட்டெழுத்தில் பெயர்கள் பொறித்திருக்கும். பல உருவங்களுக்கும் ஒரே இலக்கணம்தான், ஆனாலும் முகங்கள் ஒன்றல்ல. அதையும் குறித்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

5. கரிசல் கறுப்பு இல்லை

இங்கே பிறந்த பிள்ளைகள்கூட நிலம் வரையச் சொன்னால் பச்சை வயல், நீல ஆறு, இரண்டு மலை, நடுவில் சூரியன் வரைகிறார்கள். எந்த ஊர் நிலம் அது? விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார். வைகாசியில் கரிசல் சாம்பல் நிறம், வெடித்து விரிசல் விட்டிருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் நீலம் கலந்த கறுப்பாகும். சாயங்காலத்துச் சாய்வெயிலில் அதில் ஊதா தெரியும். டப்பாக் கறுப்பை எடுத்துப் பூசினால் செத்த மண்தான் வரும். நீலமும் பழுப்பும் கலந்து கறுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்து. அதன்மேல் சீமைக் கருவேலத்தின் தூசி படிந்த பச்சை, மிளகாய் காயப்போட்ட களத்தின் சிவப்பு. வேறு யாருக்கும் கிடைக்காத வண்ணப்பெட்டி உன் வீட்டு வாசலில் இருக்கிறது.

இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். இந்த மண்ணின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தார், கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. எழுத்தில் அவர் செய்ததை வண்ணத்தில் செய்ய இன்னும் ஆள் வரவில்லை என்று நினைக்கிறேன். அந்த இடம் காலி.

6. அச்சு இயந்திரத்திடம் திட்டு வாங்கு

நம் சிவகாசியே பார்த்துக் கற்ற ஊர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சுக்குப் படம் வேண்டும். நம் பிழைப்பு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. எங்களுக்குக் கண்டிப்பான வாத்தியார் அந்த அச்சகம்தான்.

லித்தோ காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். படத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று மனக்கண்ணால் பிரித்துக் கல்லில் புள்ளி வைத்தவர்கள் இருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தின் உண்மையான வண்ண மேதைகள் அவர்கள். ஒருவர் பெயரும் எந்தப் படத்தின் கீழும் இல்லை. ஆப்செட் வந்தபின் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட்.

இயந்திரம் என்ன கற்றுக்கொடுக்கும்? நீ முகத்தின் நிழலுக்கு அழகாக நீலம் தொட்டிருப்பாய். அச்சில் அது அழுக்காக வரும், அம்மன் முகத்தில் கரி பூசியமாதிரி இருக்கும். கிருஷ்ணன் உடம்பில் மெஜந்தா கொஞ்சம் கூடினால் ஊதாப் பழமாகிவிடுவார். மயிரிழைக் கோட்டை வேறு வேறு நிறத்தில் அருகருகே வைத்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிற ரெஜிஸ்டர் ஒரு நூல் விலகியதும் இரண்டு மூக்கு தெரியும். தீப்பெட்டி லேபிள் இரண்டு விரல் அகலம். பெரிதாக வரைந்து சுருக்கும்போது நுணுக்கமெல்லாம் புள்ளி பெருத்து அடைத்துக்கொள்ளும். பழைய லேபிள்களில் ஒரு புலி, ஒரு கிளி, ஒரு சாவி, சுற்றிலும் கெட்டியான ஒற்றை நிறம் என்று வைத்தார்களே, அது ரசனைக் குறைவு என்று நினைக்காதே. பெட்டிக்கடையில் படிக்கத் தெரியாதவர் விரலை நீட்டி "அந்தக் கிளிப் பெட்டியைக் குடு" என்று கேட்க வேண்டும்.

அதனால் ஏதாவது ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலையாவது கொஞ்ச காலம் பார். மனுஷ வாத்தியார் உன் முகம் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். புரூஃப் விட்டுக்கொடுக்காது.

ஒரு கிளைக்கதை. பட்டாசுக்காரர்களிடமும் நிறம் கேட்டுப் பார். வானத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்கு சோடியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. பேரியத்துக்கு 2018இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் தடை விழுந்து பச்சை கஷ்டமாகிவிட்டது. நீலம் எப்போதுமே கஷ்டம், ஏனென்றால் சூடு கொஞ்சம் அதிகமானாலும் நீலம் கொடுக்கிற செம்புச் சேர்மம் உடைந்து நிறம் வெளுத்துவிடும். காகிதத்திலும் வானத்திலும் இந்த ஊருக்குத் தண்ணி காட்டுகிற நிறம் ஒன்றே. எனக்கு அதில் ஒரு ரகசியச் சந்தோஷம்.

7. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைய வெட்கப்படாதே

கழுகுமலை முகங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். காலண்டர் ஓவியர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் சொல்வது: "எல்லாம் அதே லட்சுமி, அதே தாமரை." நான் அவர்களுக்கு அந்தோனியோ சௌரா என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியரைக் காட்டுவேன். 1930இல் வெஸ்கா என்ற ஊரில் பிறந்தவர். சினிமா இயக்குநர் கார்லோஸ் சௌராவின் அண்ணன். பதின்மூன்று வயதில் காசநோய் பிடித்து ஐந்து வருஷம் படுக்கை. படுக்கையில்தான் வரையவும் எழுதவும் தொடங்கினார், 1947இல். ஓவியப் பள்ளி கிடையாது. சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டுபோய் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் காட்டிய ஒரு படம், வெலாஸ்கெஸ் வரைந்த சிலுவையில் தொங்கும் கிறிஸ்து, அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. 1957இலிருந்து பல வருஷம் அந்தச் சிலுவையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று ஒரு கைப்பிடி நிறத்துக்குள். ஒவ்வொன்றும் வேறு அலறல். அவர் பக்திக்காக வரையவில்லை. அடிபட்டுத் தனியே விடப்பட்ட மனுஷனைத்தான் அதில் பார்த்தார். பிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்த நாடு என்பதை மறந்துவிடாதே.

ஆக, திரும்ப வரைவது குற்றம் இல்லை. நேற்று வரைந்த லட்சுமிக்கும் இன்று வரைகிற லட்சுமிக்கும் நடுவில் உன் கண்ணில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். நம்மில் பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆர்டர் வந்தது, வரைந்தோம்.

சௌராவிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள். 1965இல் குவென்கா என்ற ஊரில் தன் ஓவியங்களில் நூறைப்போல அவரே அழித்தார். நீ நூறு கிழிக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டைப் பிரித்துப் பார்த்து, வைத்துக்கொள்ள வெட்கமாக இருப்பதைக் கிழி. ஆனால் தேதி போட்டு ஒன்றிரண்டு மோசமானதை வைத்துக்கொள். முன்னேற்றம் தெரிய வேண்டும்.

8. சணலும் சாக்கும்கூட வண்ணம்தான்

கான்வாஸ் விலை கேட்டு மயக்கம் போடுகிற பிள்ளைகளுக்கு இது. சௌராவும் மானோலோ மில்யாரஸ் என்பவரும் சேர்ந்து 1957இல் மாட்ரிட்டில் எல் பாசோ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மில்யாரஸ் 1926இல் கானரி தீவில் பிறந்தவர், அவரும் தானாகக் கற்றவர். அந்தத் தீவின் ஆதிகுடிகள் பதப்படுத்தி வைத்த உடல்களை உள்ளூர் அருங்காட்சியகத்தில் பார்த்தார். சாக்குத் துணியை எடுத்தார். கிழித்தார், தைத்தார், முடிச்சுப் போட்டார், மேலே கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும் கொட்டினார். அவ்வளவுதான் சாமான். உலகத்தின் பெரிய காட்சிக்கூடங்களில் அந்தச் சாக்கு தொங்குகிறது. பார்சலோனாவின் அந்தோனி தாப்பியஸ் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். நுரையீரல் நோயில் கிடந்தபோது வான்கோவையும் பிக்காசோவையும் காப்பி எடுத்துப் பழகினார். பின்னால் சலவைக்கல் தூளையும் மணலையும் வண்ணத்தோடு குழைத்துச் சுவர்போலப் படம் செய்தார்.

விருதுநகர் பஜாரில் மிளகாயும் பருப்பும் இறக்கிய சாக்கு எவ்வளவு கிடக்கிறது! அணுகுண்டு வெடியை இறுக்கிச் சுற்றுகிற சணல் நம் வீடுகளில் கிடக்கிறது. தவறாக அச்சான காகிதம் எடைக்குப் போகிறது. மில்யாரஸைக் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அவர் தன் தீவின் செத்தவர்களிடமிருந்து சாக்குக்குப் போனார். நீ உன் அம்மா விரலில் சணல் அறுத்த தழும்பிலிருந்து போ.

ஒரே ஒரு தடை: மருந்தைத் தொடாதே. கலைக்காகக் கரிமருந்து, வெடியுப்பு, அலுமினியத் தூள் என்று வீட்டுக்குக் கொண்டுவருகிற கிறுக்குத்தனம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் ஒரு சீனர் வெடிமருந்தால் படம் வரைகிறார் என்று ஒரு பையன் போனில் காட்டினான். வரையட்டும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்த ஊர் இது.

9. லேபிளில் இல்லாததை வரை

இதை மெதுவாகப் படி. மத்தாப்புப் பெட்டியின் மேல் யார் இருக்கிறார்கள்? கொழுகொழுவென்று ஒரு குழந்தை, பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி, பூனைக்குட்டி, பனிமலை. எழுபது எண்பதுகளில் விடியும் முன்னே கம்பெனிப் பஸ் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. கட்டையில் குச்சி அடுக்குகிற விரல், பெட்டி ஒட்டுகிற விரல், எல்லாம் பிஞ்சு விரல். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்து, அதன்பின் பள்ளிக்கூடமும் கண்காணிப்பும் வந்து, நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் குச்சி அடைத்த பிள்ளையைப் பெட்டிமேல் யாரும் வரையவில்லை. வரைந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? வியாபாரப் படத்துக்கு அதன் நியாயம் உண்டு. நான் அதில் சோறு தின்றவன், அதைப் பழிக்க மாட்டேன்.

நீ இரண்டு நோட்டு வைத்துக்கொள். ஒன்று ஆர்டருக்கு. இன்னொன்றில் ஊர் இருக்கட்டும். கையில் அலுமினிய வெள்ளி அப்பிய பெண்கள் டவுன் பஸ்ஸில் தூங்கி விழுவது, வேப்ப மரத்தடியில் தூரத் தூரத் தனித்தனியாக நிற்கிற வெடிக்கட்டு ஷெட்டுகள், தீக்காய வார்டுக்கு வெளியே டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். இரண்டாம் நோட்டை யாருக்கும் விற்க வேண்டாம். யாருக்கும் காட்டக்கூட வேண்டாம். உன் கையெழுத்து உருவாவது அதில்தான்.

10. வேலையை விடாதே

மதுரை மனோகர் தேவதாஸ் அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர், வேதியியலாளராகவே வேலை பார்த்தவர். கலைக் கல்லூரி கிடையாது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன வட்டப் பார்வைக்குள் பேனாவும் மையும் வைத்து மதுரையின் கோபுரம், தெரு, யானைமலை எல்லாவற்றையும் இழை இழையாக வரைந்தார். அந்தப் படங்களை வாழ்த்து அட்டையாக்கி விற்ற பணம் தர்மத்துக்குப் போனது. 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் காலமானார். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால் அவர் ஒரு கோட்டைக்கூட அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பில் போடுகிற வேலையோ, டிராவல்ஸ் ஆபீஸ் வேலையோ, எது இருந்தாலும் வைத்துக்கொள்.

11. உடம்பு

பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்காதே. டர்பன்டைன் வைத்த அறையில் ஜன்னலைத் திற. கண்ணைக் காட்டிவர வருஷம் ஒருமுறை மதுரைக்குப் போய் வா. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

12. காகிதமும் காசும்

இந்த வட்டாரத்தில் நம் ஆட்கள் கோட்டைவிட்டது இங்கேதான். ஒரு படத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அது லட்சக்கணக்கில் அச்சாகும், நிறம் மாற்றி, ஓரம் மாற்றி, பத்து வருஷம் ஓடும்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒரு தடவையாவது படித்துப் பார். நீயாக வரைந்த படத்துக்கு நீதான் முதல் உரிமைக்காரன். ஆனால் ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை அவருக்கே போய்விடும். 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்பதைப் பிடித்துக்கொள். அரைப் பக்கம் போதும்: எந்த அளவுக்கு, எத்தனை வருஷத்துக்கு, காலண்டருக்கு மட்டுமா, பெட்டிக்குமா, மூலப்படம் யாரிடம் இருக்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 57ஆம் பிரிவு இன்னொன்று தருகிறது. உரிமையை விற்றுவிட்டாலும் இது நான் வரைந்தது என்று கோருகிற உரிமை உன்னோடு இருக்கும். அதனால் பெயரைப் படத்தின் ஓரத்தில் போடாதே, வெட்டும்போது போய்விடும். சேலை மடிப்பில், தாமரை இலையின் நரம்பில், எங்கேயாவது உள்ளே போடு.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு நொடியில் முருகன் வருகிறார், சில சமயம் ஆறு விரலோடு. அச்சகக்காரர்கள் அதையும் பார்க்கிறார்கள், உன்னையும் பார்க்கிறார்கள். விலையில் நீ அதனோடு போட்டி போட முடியாது. எந்த ஊர் முருகன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவனாக இரு. திருச்செந்தூர்க்காரர் வேறு, கழுகுமலைக்காரர் வேறு. நாள் முழுக்க அந்தச் சந்நிதியில் நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

13. படத்தோடு அச்சகத்துக்கு எப்போது போவது

அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வெளியாகும். அதற்கு ரொம்ப முன்னாலேயே படங்கள் முடிவாகிவிடும். ஆடிக்குப் பிறகு கார்த்திகை, மார்கழிவரை அச்சகத்தில் உன்னை உட்காரச் சொல்லக்கூட ஆளிருக்காது, ராத்திரியும் பகலும் இயந்திரம் ஓடும். தை பிறந்ததும் போ. பத்துப் படம் போதும், எட்டு தெய்வம் என்றால் இரண்டு வேறு ஏதாவது. மூலப்படத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வந்துவிடு, நகலை மட்டும் விட்டுவிட்டு வா. யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு இன்னொரு நடை போய்க் கேட்கலாம், தப்பில்லை.